எஃப்1 மறுக்கப்பட்டவருக்கு ஹெச்1பி கிடைக்குமா?

கேள்வி: சில வருடம் முன்பு சென்னை அமெரிக்க கான்சுலேட்டில் எனக்கு எஃப்1 மாணவர் விசா மறுக்கப்பட்டது. இப்போது கம்பெனி மூலம் ஹெச்1பி வேலை விசாவுக்கான பெட்டிஷன் அப்ரூவ் ஆகியிருக்கிறது. பழைய மறுப்பு, கான்சுலேட்டில் பாஸ்போர்ட்டில் விசா வாங்கும் ஸ்டாம்பிங்கில் பிரச்சினை ஆகுமா?

பதில்: மறைக்காமல் சொன்னால் ஆகாது. எனக்கும் இதே நிலைதான் இருந்தது. எஃப்1 கேட்டு அண்ணா சாலை கான்சுலேட்டுக்குப் போனபோது, பாஸ்போர்ட்டோடு 214(பி) என்ற சட்டப் பிரிவில் மறுத்ததாகப் போட்ட ஒரு தாளையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். பிறகு வேலைக்குச் சேர்ந்து, அதே கான்சுலேட்டில்தான் ஹெச்1பி வாங்கினேன்.

அந்தப் பிரிவு என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டாலே பாதி பயம் போய்விடும். தற்காலிக விசா கேட்டு வருபவர் அங்கேயே தங்கிவிடத்தான் வருகிறார் என்று அமெரிக்கச் சட்டம் முதலில் எடுத்துக்கொள்கிறது. அப்படி இல்லை என்று நிரூபிப்பது நம் பொறுப்பு. படிக்கவும் சுற்றிப் பார்க்கவும் போகிறவர்கள் பெரும்பாலும் அடிபடுவது இங்கேதான். ஆனால் ஹெச்1பிக்கும், கம்பெனிக்குள்ளேயே மாற்றலாகிப் போகிறவர்களுக்கான எல்1க்கும் அந்தப் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக்கூட ஹெச்1பியில் வேலை பார்க்கலாம். அதனால் அன்று உங்களுக்குத் தடையாக இருந்த "திரும்பி வருவாரா" என்ற சந்தேகம் இந்த விசாவில் எழாது. வேலை உண்மையானதா, உங்கள் படிப்பு அதற்குப் பொருந்துகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

சரி, ஆபத்து எங்கே இருக்கிறது? டிஎஸ்160 என்ற ஆன்லைன் விசா விண்ணப்பப் படிவத்தில். இதற்கு முன் அமெரிக்க விசா மறுக்கப்பட்டதுண்டா என்று அதில் நேராகவே கேட்பார்கள். "இல்லைன்னு போடுங்க சார், பாஸ்போர்ட் மாத்திட்டீங்களே, தெரியாது" என்று ஒரு ஏஜென்ட் என்னிடமே சொன்னார். நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. போன தடவை கொடுத்த பத்து விரல் ரேகையும் புகைப்படமும் அவர்களிடம் அப்படியே இருக்கின்றன. பாஸ்போர்ட் எண் மாறினால் ஆள் மாறிவிடுவாரா? 214(பி) மறுப்பு அந்த ஒரு விண்ணப்பத்தோடு முடிந்துவிடும். பொய் சொல்லி விசா கேட்டதாக 212(ஏ)(6)(சி) பிரிவில் முடிவு செய்துவிட்டால் அது ஆயுள் முழுக்கத் தடை. விலக்கு கேட்க வழி இருந்தாலும் சுலபமில்லை. அதனால் "ஆம்" என்று போடுங்கள். கீழே வரும் பெட்டியில் வருடம், இடம், விசா வகை, பிரிவு, இவ்வளவு போதும். கதை எழுத வேண்டாம்.

பலர் கவனிக்காத இன்னொன்று, அன்று நிரப்பிய படிவமும் இன்று நிரப்புவதும் ஒத்துப்போக வேண்டும் என்பது. என் ஹெச்1பி நேர்காணலில் விசா அதிகாரி அம்மா திரையைப் பார்த்துக்கொண்டே, "அக்கா இன்னும் நியூ ஜெர்சியில்தான் இருக்கிறாரா?" என்று கேட்டார். அக்காவைப் பற்றி அந்த நேர்காணலில் நான் வாய் திறக்கவே இல்லை, பழைய படிவத்தில் இருந்ததைப் பார்த்துத்தான் கேட்டார். மறுப்பைப் பற்றிக் கேட்டது ஒரே கேள்வி: "அதற்குப் பிறகு என்ன மாறியது?" படிப்பை இங்கேயே முடித்ததையும் வேலையில் சேர்ந்ததையும் சொன்னேன். அடுத்து கிளையன்ட், சம்பளம், வேலை விவரம் என்று போய்விட்டது.

பழைய டிஎஸ்160 மின்னஞ்சலில் எங்காவது கிடக்கும், தேடி எடுங்கள். பட்டம் முடித்த மாதம், வேலை பார்த்த தேதிகள், அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நடுவில் எப்போதாவது, கூடுதல் ஆவணமோ சரிபார்ப்போ வேண்டும் என்று நிறுத்திவைக்கும் 221(ஜி) தாள் வாங்கியிருந்தால் அதுவும் சட்டப்படி மறுப்புதான், விடாமல் சொல்லுங்கள்.

அப்புறம், கம்பெனி வக்கீலுக்கு இதுவரை சொல்லவில்லை என்றால் ஸ்டாம்பிங்குக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பெட்டிஷனுக்கான ஐ129 படிவத்தில் கடந்த 7 வருட மறுப்பைப் பற்றிக் கேட்பது இப்போது கோரும் அதே வகைக்குத்தான். உங்கள் எஃப்1 அதில் வராது. ஆனாலும் அவர் டிஎஸ்160ஐ ஒருமுறை பார்த்துக் கொடுத்த பிறகு சமர்ப்பிப்பது நல்லது.