முதலில் அந்த ஐந்து பேரைப் பாருங்கள்: விளையாட்டுக் கேள்வி பதில்

அமெரிக்கக் கால்பந்து சீசன் செப்டம்பர் முதல் வாரத்தில் தொடங்குகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் டென்னஸி டைட்டன்ஸ் அணியைப் பற்றிய கேள்விகளே அதிகம். நான் பழைய டைட்டன்ஸ் ரசிகன் என்று எப்படியோ உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆகவே 2025-இன் இந்த ஆகஸ்டு இதழ் முழுக்க அவர்களுக்கே.

கேள்வி: ஐயா, போன சீசனில் டைட்டன்ஸ் 17 ஆட்டத்தில் 3 மட்டுமே வென்றது. இப்போது குவாட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவராக, கேம் வார்ட் வந்துவிட்டார். ஒஃபென்ஸையே, தாக்கி ஆடும் பிரிவையே, புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். இந்த வருடம் பிளேஆஃப் (கோப்பைக்கான இறுதிச் சுற்று ஆட்டங்கள்) உறுதி என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– கல்லூரி மாணவர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: தாராளமாக நம்புங்கள், தம்பி. நானும் நம்புகிறேன். ஆனால் நீங்கள் வார்டின் கையை நம்பி பிளேஆஃப் என்கிறீர்கள். நான் அவருக்கு முன்னால் நிற்கப்போகும் ஐந்து பேரை நம்பி, இன்னும் ஓரிரண்டு வருடம் பொறுங்கள் என்கிறேன்.

வார்டின் கை மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. டெக்ஸாஸில் வெஸ்ட் கொலம்பியா என்ற சின்ன ஊர்ப் பையன். அவர் படித்த பள்ளியில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதுதான் ஆட்டம், எறிவது குறைவு. பெரிய பல்கலைக்கழகங்கள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சான் அந்தோனியோவில் உள்ள இன்கார்னெட் வோர்ட் என்ற சிறிய பல்கலைக்கழகம்தான் இடம் கொடுத்தது. அங்கிருந்து வாஷிங்டன் ஸ்டேட், அப்புறம் மயாமி. 2024-இல் மயாமிக்காக 39 டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் சேர்ப்பது, நம் கோல் மாதிரி) எறிந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரே சீசனில் அத்தனை எறிந்தவர் வேறு யாரும் இல்லை. இந்த ஏப்ரல் 24-ஆம் தேதி கிரீன் பேயில் நடந்த டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், முதலில் கூப்பிட்ட பெயரே அவருடையதுதான்.

சரி, அந்தக் கை வேலை செய்ய எவ்வளவு நேரம் கிடைக்கும்? சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்ததிலிருந்து இரண்டரை, மூன்று வினாடி. அதற்குள் குவாட்டர்பேக் மைதானத்தைப் படித்து, எறிய வேண்டிய ஆளைக் கண்டுபிடித்து, எறிந்துவிட வேண்டும். அந்த மூன்று வினாடியை அவருக்குச் சம்பாதித்துக் கொடுப்பவர்கள் முன்வரிசையில் நிற்கும் ஐந்து பேர்: நடுவில் சென்டர், இரண்டு பக்கமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கிள்கள். ஒருவர் வழுக்கினாலும் போதும், பந்தோடு சேர்த்துக் குவாட்டர்பேக்கைத் தரையில் சாய்த்துவிடுவார்கள். அதைத்தான் சாக் என்கிறோம்.

இதை நான் கற்றுக்கொண்டது ஹியூஸ்டனில். எண்பதுகளில் மலேசியாவிலிருந்து நிறைய பேர் படிக்க அமெரிக்கா போனோம். எனக்கு வாய்த்தது அந்த ஊர். டைட்டன்ஸ் அணி அப்போது அங்கேதான் இருந்தது, ஹியூஸ்டன் ஆயிலர்ஸ் என்ற பெயரில். 1997-இல்தான் டென்னஸிக்குப் போனார்கள், 1999-இல் பெயரை மாற்றிக்கொண்டார்கள். மாணவன் கையில் இருக்கும் காசுக்கு அஸ்ட்ரோடோம் அரங்கில் ஆக உயரத்தில்தான் இடம் கிடைக்கும். பக்கத்தில் இருந்த எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளி ஒருவர் தன் பைனாகுலரை என்னிடம் நீட்டி, "பந்தைப் பார்க்காதே, 63-ஐயும் 74-ஐயும் பார்" என்றார்.

63 மைக் மன்ச்சக், 74 புரூஸ் மேத்யூஸ். பார்த்தேன். மன்ச்சக் இடுப்பைத் தாழ்த்தி, முழங்காலை மடக்கி நின்றார். இரண்டு உள்ளங்கையும் எதிராளியின் மார்பில் போய் ஒட்டிக்கொண்டன. கால்கள் தரையை விட்டு எழவே இல்லை, சின்னச் சின்ன அடியாக நகர்ந்துகொண்டே இருந்தன. அந்த மனிதர் இடப்பக்கம் திமிறினார், பிறகு வலப்பக்கம் திமிறினார். எங்கே திரும்பினாலும் மன்ச்சக்கின் மார்பு எதிரே நின்றது. அதற்குள் பந்து நாற்பது கெஜம் தள்ளி யார் கையிலோ போய்ச் சேர்ந்துவிட்டது, அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. அதை எறிந்தவர் எண் 1, வாரன் மூன்.

மூனின் கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், தம்பி. 1978-இல் ரோஸ் போல் என்ற பெரிய கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரர் அவர். ஆனாலும் அந்த ஆண்டு டிராஃப்டில் ஓர் அணியும் அவரை எடுக்கவில்லை. கறுப்பினத்தவரைக் குவாட்டர்பேக்காக ஏற்க மனமில்லாத காலம். குவாட்டர்பேக் வேண்டாம், வேறு பொறுப்பில் ஆடு என்றார்கள். அவர் மறுத்துவிட்டுக் கனடாவுக்குப் போய் எட்மன்டன் அணியில் ஆடினார், ஐந்து முறை கோப்பை வென்றார். 1984-இல் ஆயிலர்ஸ் அழைத்து வந்தது. அவ்வளவு அனுபவம் உள்ளவர் வந்ததும் என்ன ஆயிற்று? முதல் வருடம் 3 வெற்றி, 13 தோல்வி. அடுத்த இரண்டு வருடமும் ஐந்தைந்து வெற்றிதான். 1986-இல் மட்டும் அவர் எறிந்ததில் 26 பந்துகள் எதிரணிக் கைக்குப் போயின. பத்திரிகைகள் கிழி கிழி என்று கிழித்தன. ஆனால் அந்த வருடங்களில்தான் முன்வரிசை ஒன்றோடொன்று பழகிக்கொண்டிருந்தது. 1982-இல் மன்ச்சக், 1983-இல் மேத்யூஸ், 1984-இல் டீன் ஸ்டைன்கூலர் என்று மூன்று வருடம் தொடர்ந்து டிராஃப்டின் முதல் சுற்றில் லைன்மேன்களையே, அதாவது முன்வரிசை வீரர்களையே எடுத்திருந்தார்கள். 1987-இலிருந்து 1993 வரை ஏழு வருடமும் விடாமல் பிளேஆஃப். மூன், மன்ச்சக், மேத்யூஸ் மூவருமே இன்று ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலில் இருக்கிறார்கள்.

அந்த எண் 1 சட்டையை அணி யாருக்கும் தராமல் ஓய்வு கொடுத்து வைத்திருந்தது. வார்ட் அதைக் கேட்டார். மூன் போட்டுக்கொள் என்று சம்மதித்தார். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஒரே அணி, ஒரே எண், யாரும் எடுத்த எடுப்பில் மதிக்காத இரண்டு பையன்கள்.

இப்போதைய ஐவருக்கு வருவோம். இடது டேக்கிளாக பிட்ஸ்பர்க்கிலிருந்து டேன் மூர் வந்திருக்கிறார், 4 வருடத்துக்கு 82 மில்லியன் டாலர். பெரிய பணம், அதற்கு அவர் இனிமேல்தான் பதில் சொல்ல வேண்டும். 2023-இல் முதல் சுற்றில் எடுத்த பீட்டர் ஸ்கொரன்ஸ்கி இடது கார்டு. சென்டர் லாயிட் குஷன்பெரிக்குப் போன நவம்பரில்தான் குதிகால் தசைநார் அறுந்தது, அவர் பழையபடி நிற்பாரா என்பதே என் பெரிய கவலை. வலது கார்டு கெவின் சைட்லர், 35 வயது, பழம் தின்று கொட்டை போட்டவர். வலது ஓரத்தில் ஜே.சி. லேத்தம், போன வருடம் இடப்பக்கம் ஆடியவர், இப்போது தனக்குப் பழகிய பக்கத்துக்கே திரும்பியிருக்கிறார். இவர்களைப் பழக்குபவர் பில் கலஹன், லைன் பயிற்சியில் பெயர் எடுத்தவர். தலைமைப் பயிற்சியாளர் பிரையன் கலஹன் அவருடைய சொந்த மகன். மகன் முன்பு சின்சினாட்டியில் இருந்தவர். 2020-இல் அங்கே ஜோ பரோ என்ற ரூக்கி (முதல் வருட வீரர்), 10 ஆட்டத்தில் 32 முறை சாக் ஆகி, கடைசியில் முழங்கால் உடைந்து வெளியேறியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அந்தப் பாடம் அவர் மனதில் இருக்கும் என்பதுதான் எனக்குத் தெம்பு தருகிறது.

என் கணக்கு ஆறு வெற்றி. பிளேஆஃப் 2027-இல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்கள் அப்போதும் சிரித்தால் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: ஏன் அவ்வளவு காத்திருக்க வேண்டும்? சி.ஜே. ஸ்ட்ரவுட், ஜேடன் டேனியல்ஸ் என்ற குவாட்டர்பேக்குகள் இருவரும் முதல் வருடமே தூக்கிக் காட்டவில்லையா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: காட்டினார்கள். 2022-இல் ஹியூஸ்டன் டெக்ஸன்ஸ் மூன்றே ஆட்டம் வென்றது, ஸ்ட்ரவுட் வந்ததும் 2023-இல் பத்து வென்று பிளேஆஃபில் ஓர் ஆட்டத்தையும் ஜெயித்தது. வாஷிங்டன் 4 வெற்றியிலிருந்து 2024-இல் டேனியல்ஸோடு 12-க்கு ஏறி கான்ஃபரன்ஸ் (லீக்கின் ஒரு பாதி) இறுதி ஆட்டம் வரை போனது. ஆனால் டேனியல்ஸின் கால்களைப் பாருங்கள். 891 கெஜம் தானே ஓடினார். வரிசை உடைந்தால் அவரே தப்பித்துக்கொள்வார். எல்லாருக்கும் அந்தக் கால் இல்லை.

அதே 2024-இல் அவருக்கு ஓரிடம் முன்னால், முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் சிகாகோவின் கேலப் வில்லியம்ஸ். அங்கேயும் அணி புதிதாகக் கட்டப்பட்டது, கீனன் ஆலன் வந்தார், ரோம் ஒடுன்ஸே வந்தார், ரசிகர்கள் வானத்தில் மிதந்தார்கள். வில்லியம்ஸ் 68 முறை சாக் ஆனார். 5 வெற்றி. நடு சீசனிலேயே பயிற்சியாளர் வேலை போயிற்று. ரிசீவர்களை, அதாவது பந்தைப் பிடிப்பவர்களை வாங்கினார்கள், வரிசையைக் கவனிக்கவில்லை. இந்த வருடம்தான் ஜோ தூனி, ஜோனா ஜாக்சன், டுரூ டால்மன் என்று நடுவரிசை மூவரையும் மாற்றியிருக்கிறார்கள்.

இதைவிடக் கொடுமை 2002. ஆயிலர்ஸ் போன பிறகு ஹியூஸ்டனுக்கு டெக்ஸன்ஸ் என்ற புது அணி கிடைத்தது. அவர்களுடைய முதல் டிராஃப்டின் முதல் ஆள் டேவிட் கார். அந்த ஒரே சீசனில் 76 சாக், இன்றுவரை அதுதான் சாதனை. அந்தப் பையனின் கை ஒன்றும் மோசமில்லை. அடி வாங்கி வாங்கி, அடி வருவதற்கு முன்பே குனியப் பழகிவிட்டார். ஹியூஸ்டனில் அவர் இருந்த வருடங்களில் அணி ஒருமுறைகூடத் தோல்வியைவிட அதிக வெற்றி பெறவில்லை.

பேட்டன் மேனிங் என்ற குவாட்டர்பேக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1998-இல் ரூக்கியாக 28 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட எறிகள்), 3 வெற்றி. அடுத்த வருடமே 13 வெற்றி.

கேள்வி: டைட்டன்ஸில் பந்தைப் பிடிக்க யார் இருக்கிறார்கள்?
– வாசகர், கெப்போங்

பதில்: கால்வின் ரிட்லி, போன வருடம் 1,017 கெஜம். சியாட்டிலில் நெடுங்காலம் ஆடிய டைலர் லாக்கெட். புதியவர்களில் எலிக் அயோமனோர், கனடாக்காரர், அவரைக் கவனியுங்கள். ஓடுவதற்கு டோனி போலார்ட். போதும்.

கேள்வி: ஐயா, என் மகன் படிவம் ஐந்து. ஞாயிறு இரவு தூங்காமல் இந்த ஆட்டத்துக்காக விழித்திருக்கிறான். திங்கள் காலை பள்ளியில் தூங்கி விழுகிறான். எஸ்.பி.எம். தேர்வு நெருங்குகிறது. கண்டித்தால் கோபப்படுகிறான்.
– ஒரு தாய், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: அம்மா, நஷ்வில்லில் ஞாயிறு மதியம் 12 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குத் திங்கள் அதிகாலை 1 மணி. முடியும்போது நாலு ஆகிவிடும். நவம்பரில் அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றியதும் அது 2 மணிக்குத் தள்ளிப்போகும், சரியாகத் தேர்வு நேரத்தில். வளரும் பிள்ளைக்கு இது கூடாது.

ஆனால் தடுக்காதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். திங்கள் பள்ளி விட்டு வந்ததும் முழு ஆட்டத்தின் பதிவைப் பார்க்கலாம். முடிவு தெரிந்துவிடாமல் இருக்க அதுவரை கைப்பேசி உங்களிடம் இருக்கட்டும். இதை அவனோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். முடிந்தால் ஒரு நாள் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து, இது யார், அது ஏன் என்று கேளுங்கள். அவன் ஆசையாகச் சொல்லிக்கொடுப்பான். பள்ளி விடுமுறையில் வரும் ஆட்டத்தை நேரலையாகப் பார்க்கட்டும்.

கேள்வி: நம் ஊர்ப் பந்தை விட்டுவிட்டு எங்கோ இருக்கும் அணிக்கு இத்தனை பக்கமா?
– வாசகர், செந்தூல்

பதில்: நம் ஊர்ப் பந்திலும் இதே கதைதான், அண்ணே. ஆர். ஆறுமுகத்தை நாம் எல்லாரும் கொண்டாடினோம். நீண்ட கைகள், ஸ்பைடர்மேன் என்று பெயர். 1980-இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2–1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றோம். புறக்கணிப்பால் போக முடியாமல் ஆனது வேறு விஷயம், அந்த வலி இன்னும் ஆறவில்லை. அன்று ஆறுமுகத்துக்கு முன்னால் நின்றவர்கள் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும். அந்த இருவரை வைத்துக்கொண்டுதான் அவரால் அப்படிப் பாய முடிந்தது. கோல் கீப்பரைப் பாராட்டும்போது அவர்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் நம்மிடம் இருந்தது. அந்தப் பழக்கத்தோடுதான் நான் அமெரிக்க ஆட்டத்தையும் பார்க்கிறேன்.

கேள்வி: முதல் ஆட்டத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?
– மாணவி, பூச்சோங்

பதில்: செப்டம்பர் 7, டென்வரில். நமக்கு 8-ஆம் தேதி திங்கள் அதிகாலை 4.05. இதைவிடக் கடினமான தொடக்கம் கிடைக்காது. டென்வரின் டிஃபென்ஸ் (தடுத்து ஆடும் பிரிவு) போன சீசனில் 63 சாக் எடுத்தது, லீக்கிலேயே அதிகம். அதில் நிக் பொனிட்டோ மட்டும் 13.5. அவர் பெரும்பாலும் ஓரத்திலிருந்துதான் பாய்வார், ஆகவே டேன் மூரின் 82 மில்லியனுக்கும் லேத்தமின் இட மாற்றத்துக்கும் அன்றே தேர்வு.

வார்ட் எத்தனை டச்டவுன் எறிகிறார் என்று எண்ணாதீர்கள். ஒவ்வொரு ஸ்னாப்புக்கும், அதாவது சென்டர் பந்தைப் பின்னால் கொடுக்கும் ஒவ்வொரு முறையும், மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லுங்கள். மூன்று சொல்லும்போது அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தால், தோற்றாலும் மகிழ்ச்சியோடு பள்ளிக்குப் போங்கள். ஒன்றரையிலேயே தரையில் கிடந்தால், யார் வழியாக ஆள் வந்தான் என்று குறித்து வைத்து எனக்கு அனுப்புங்கள். அடுத்த ஆட்டம் சொந்த மண்ணில் லாஸ் ஏஞ்சலஸ் ரேம்ஸோடு, 15-ஆம் தேதி அதிகாலை 1 மணி. இரண்டையும் ஒப்பிட்டு அடுத்த மாதம் எழுதுகிறேன்.