லீ பள்ளி லூயிஸ் பள்ளியான கதை

தம்பி, வர்ஜீனியாவில் ஸ்பிரிங்ஃபீல்டு பக்கம் நீங்கள் பார்த்திருக்கும் வீட்டு முகவரிக்கு ஜான் ஆர். லூயிஸ் உயர்நிலைப் பள்ளிதான் ஒதுக்கப்படுகிறது, அக்கம்பக்கத்தார் இன்னும் அதை லீ பள்ளி என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பெயரை ஏன் மாற்றினார்கள், மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கு இதனால் பாதிப்பு வருமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

வராது. கல்லூரிகள் பார்ப்பது எடுத்த பாடங்களையும் மதிப்பெண்ணையும்தான். இந்தப் பயம் புதிதும் அல்ல. 1998-இல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் ஒரு புதுப் பள்ளிக்கு மார்ட்டின் லூதர் கிங் பெயரை வைக்கப்போனபோது, கறுப்பர் பள்ளி என்று கல்லூரிகள் நினைத்துவிடுமே என்று பெற்றோர் சிலர் எதிர்த்தார்கள். பள்ளி வாரியம் அசையவில்லை. 1999-இல் கிங் பெயரிலேயே திறந்தார்கள்.

சரி, ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வருகிறேன். கறுப்பர், வெள்ளையர் என்று பிள்ளைகளைப் பிரித்துப் படிக்கவைப்பது செல்லாது என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வர்ஜீனியா முரண்டு பிடித்தது. சேர்த்துப் படிக்கவைப்பதற்குப் பதில், 1958-இல் நார்ஃபோக், சார்லட்ஸ்வில் ஊர்களில் சில பள்ளிகளையே மாநில அரசு இழுத்து மூடியது. அதே 1958-இல்தான் இந்தப் பள்ளி ராபர்ட் ஈ. லீ பெயரோடு திறந்தது. உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்க நின்ற தென்மாநிலங்களின் தளபதி அவர். அந்தச் சமயத்தில் அந்தப் பெயரை வைத்ததை வெறும் வரலாற்று மரியாதை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அப்போது, ஸ்பிரிங்ஃபீல்டு இருக்கும் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) முழுவதற்கும் கறுப்புப் பிள்ளைகளுக்கென்று இருந்தது ஒரே உயர்நிலைப் பள்ளி, 1954-இல் திறந்த லூதர் ஜாக்சன் பள்ளி. அதற்கு முன்னால் பலர் வெளியூரான மனாசஸ் வரை பஸ்ஸில் போய்ப் படித்தார்கள். ஜாக்சன் கறுப்பரின் வாக்குரிமைக்காகப் பாடுபட்ட வரலாற்றுப் பேராசிரியர். கறுப்புப் பிள்ளைகளைப் பிரித்துவைத்த பள்ளிக்கு அப்படிப்பட்டவரின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். எனக்கு இது இன்றும் உறுத்துகிறது. இப்போது அது எல்லாருக்குமான நடுநிலைப் பள்ளி.

லீ பெயரை எடுப்பதென்று 2020 ஜூனில் கவுண்டி பள்ளி வாரியம் முடிவெடுத்தது. ஜூலை 17-இல் லூயிஸ் காலமானார். 23-ஆம் தேதி அவர் பெயரையே வைத்தார்கள். 1965 மார்ச் 7 அன்று, அலபாமாவின் செல்மா பாலத்தில் வாக்குரிமை கேட்டு ஊர்வலத்தின் முன்வரிசையில் நடந்தவர் அவர். அப்போது வயது 25. சிறையில் போடுவார்கள் என்று எதிர்பார்த்து, முதுகுப்பையில் இரண்டு புத்தகம், ஒரு ஆப்பிள், ஒரு ஆரஞ்சு, பல் தேய்க்கும் பிரஷ், பேஸ்ட் எல்லாம் எடுத்துப் போயிருந்தார். போலீஸ் அடித்ததில் மண்டை ஓட்டில் விரிசல் விழுந்தது. அப்புறம் 33 ஆண்டு ஜார்ஜியா மாநிலத்திலிருந்து அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார்.

மகள் பள்ளியில் சேருவதற்கு முன் இதை அவளிடம் சொல்லுங்கள். வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன், அந்த முகவரியைக் கவுண்டி பள்ளித் துறையின் தளத்தில் போட்டுப் பாருங்கள். இங்கே தெரு மாறினாலே பள்ளி மாறிவிடும்.