13 ஒற்றைப்படையா? எந்த அடிமானத்தில் என்று கேளுங்கள்

கேள்வி: படிவம் 4 படிக்கும் என் மகள் 13₅ ஒற்றைப்படை என்று எழுதினாள். பிழை போட்டுவிட்டார்கள். 3-இல் முடிந்தால் ஒற்றைப்படைதானே? டியூஷனில் ஒவ்வோர் அடிமானத்துக்கும் வாய்பாட்டுத் தாள் 60 வெள்ளிக்கு விற்கிறார்கள். வாங்கட்டுமா?
வாசகி, பட்டர்வொர்த்

பதில்: வாங்காதீர்கள், அம்மா. பிழை போட்டதும் சரிதான். கீழே உள்ள சின்ன 5-தான் அடிமானம்: பத்துப் பத்தாக அல்ல, ஐந்தைந்தாக எண்ணுகிறோம் என்று பொருள். 13₅ என்றால் ஓர் ஐந்து, மூன்று ஒன்றுகள். 5 + 3 = 8, இரட்டைப்படை. முதலில் அதைப் 'பதின்மூன்று' என்று வாசிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். அந்தச் சொல்லிலேயே பத்து இருக்கிறது. 'ஒன்று மூன்று, அசாஸ் ஐந்து' என்று வாசிக்கட்டும் (அசாஸ் என்பது அடிமானத்துக்கு மலாய்ச் சொல்).

கடைசி இலக்கத்தைப் பார்க்கும் பழக்கம் ஆரம்பப் பள்ளியில் வந்தது. அது ஏன் பலிக்கிறது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. படிவம் 4 வந்தும் மாற்று, கூட்டு, கழி என்று ஓடிவிடுகிறார்கள். எனக்கு ஆற்றாமையே இதுதான். பத்து இரட்டைப்படை என்பதால் நூறு, ஆயிரம் எல்லாமே இரட்டை. மிஞ்சுவது ஒன்றின் இடம் மட்டும். அடிமானம் 5-இல் இடமதிப்புகள் 1, 5, 25, 125, எல்லாமே ஒற்றை. அதனால் எந்த இலக்கத்தையும் ஒதுக்க முடியாது. இலக்கங்களைக் கூட்டுங்கள்: 1 + 3 = 4, இரட்டை. எண்ணும் இரட்டை.

47-ஐ மாற்றிப் பாருங்கள். 5-ஆல் வகுத்தால் ஈவு 9, மீதி 2. அடுத்து ஈவு 1, மீதி 4. பிறகு ஈவு 0, மீதி 1. கீழிருந்து மேலே எழுதினால் 142₅. முடிவது 2-இல், ஆனால் கூட்டுத்தொகை 7, எண் ஒற்றை. பிள்ளைகள் பலர் மேலிருந்து எழுதி 241₅ என்பார்கள். அது 71. அதற்கும் கூட்டுத்தொகை 7-தான். கூட்டிப் பார்த்து இந்தப் பிழையைப் பிடிக்க முடியாது. 25 + 20 + 2 என்று திருப்பிப் போட்டுத்தான் சரிபார்க்க வேண்டும்.

ஆக, அடிமானம் 3, 5, 7, 9 என்றால் இலக்கங்களின் கூட்டுத்தொகை. 2, 4, 6, 8, 10 என்றால் கடைசி இலக்கம். இந்த இரண்டு வரிக்கா 60 வெள்ளி? 'ஏ பிளஸ் நிச்சயம்' என்று முன்பணம் கேட்பவரிடம், 13₅ ஏன் இரட்டை என்று கேளுங்கள். திணறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடிமானம் 2-ஐ மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கூட்டப் பழகிய பிள்ளை இங்கும் 1-களை எண்ணத் தொடங்கும். 101₂-இல் இரண்டு 1-கள், ஆனால் எண் 5, ஒற்றை. 100₂-இல் ஒரே 1, ஆனால் எண் 4, இரட்டை. 3-ஆல் வகுபடுமா என்பதற்கும் 1-களை எண்ணி ஆவதில்லை. அடிமானம் பத்தில் இலக்கங்களைக் கூட்டி 3-ஆல் வகுபடுமா என்று பார்ப்பது பலிப்பதற்குக் காரணம், 10-இல் 1 போனால் 9, அது 3-ஆல் வகுபடும். 2-இல் 1 போனால் 1. அதை வைத்து எதையும் சோதிக்க முடியாது. வலமிருந்து இரண்டிரண்டாகப் பிரியுங்கள்: 100111₂ என்பது 10, 01, 11 ஆகும். மதிப்புகள் 2, 1, 3. கூட்டினால் 6, 3-ஆல் வகுபடும். எண் 39, அதுவும் வகுபடும். சோடி சேர்த்ததும் அது அடிமானம் 4 ஆகிவிடுகிறது, 4-இல் 1 போனால் 3.

கால்குலேட்டர் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிள்ளைகள் வைத்திருக்கும் அறிவியல் கால்குலேட்டர்களில் பொதுவாக 2, 8, 10, 16 மட்டுமே இருக்கும். ஐந்துக்கும் ஏழுக்கும் கையால்தான் வகுக்க வேண்டும்.