ஓட்டில் 1865, உள்ளே மன்றோ?

கேள்வி: தருமபுரியில் எங்கள் கொள்ளுத்தாத்தா கட்டிய பங்களா இருக்கிறது. கட்டும்போது ஊருக்கு வெளியே தனியாக இருந்ததாம், இப்போது ஊர் நடுவில். கூரை ஓடுகளில் 1865 என்று பொறித்திருக்கிறது. மெட்ராஸ் கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ இங்கே தங்கியதாகத் தாத்தா சொல்வார். அங்கே குடியிருக்கும் என் அண்ணன் இடித்துவிட்டுக் கடைகள் கட்டப்போகிறேன் என்கிறான். 160 ஆண்டுப் பழமையை இடிக்க விடலாமா? அரசு இதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்க யாருக்கு எழுத வேண்டும்? படங்கள் இணைத்திருக்கிறேன். (ஒரு வாசகி, சென்னை)

பதில்: முதலில் மன்றோவை வெளியே அனுப்பிவிடலாம். அவர் இறந்தது 1827-இல். உங்கள் கணக்குப்படியே வீடு 1865 என்றால், செத்து 38 வருஷம் கழித்து வந்து தங்கியிருக்க வேண்டும். தாத்தா பொய் சொன்னார் என்று சொல்லவில்லை. 1792-இல் திப்பு தருமபுரியை உள்ளடக்கிய பாராமகால் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தபோது, அதை நிர்வகிக்க வந்த ரீடு துரைக்கு உதவியாளராக வந்த மன்றோ ஏழு வருஷம் இந்தப் பக்கம் இருந்தார். தருமபுரியில் அவருக்கு வீடும் தோட்டமும் இருந்தது உண்மை. அதனால் இந்த ஊரில் கொஞ்சம் பழைய பங்களா எதைக் காட்டினாலும் அதில் மன்றோவைக் குடியேற்றிவிடுவார்கள்.

அடுத்து அந்த 1865. இதற்காக எனக்கு வருஷத்துக்கு இரண்டு கடிதமாவது வருகிறது. அது உங்கள் வீட்டின் வயது அல்ல, ஓட்டுக் கம்பெனியின் வயது. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த கிறித்தவ ஊழியர்களான பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு 1865. அதைத் தங்கள் முத்திரையோடு சேர்த்து ஓட்டில் பொறித்தார்கள். ஊறுகாய் பாட்டிலில் ‘நிறுவியது 1950’ என்று போட்டிருந்தால் ஊறுகாய்க்கு எழுபது வயது என்று யாரும் சொல்வதில்லை. நீங்கள் அனுப்பிய நான்காவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மூலை ஓடு ஒன்றில் ‘காமன்வெல்த்’ என்று இருக்கிறது. முதல் உலகப் போரை ஒட்டி மிஷனின் தொழிற்சாலைகள் ஆங்கில அரசின் கைக்குப் போய், போர் முடிந்தபின் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்துக்கு வந்தன. ஆக அந்த ஓடு 1919-க்கு முன்னால் இருக்க வாய்ப்பில்லை. நடுவில் யாராவது ஓடு மாற்றியிருக்கலாம்தான். அதனால்தான் ஓட்டை மட்டும் வைத்து வீட்டுக்கு ஜாதகம் கணிக்கக் கூடாது என்கிறேன்.

வயது தெரிய வேண்டுமா? சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். இணையத்தில் வில்லங்கச் சான்று பார்த்தால் ஓரளவுக்குப் பின்னால் போய் நின்றுவிடும். அதற்கு முந்தையதைக் கையால் தேட மனுப் போட வேண்டும். தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல்தான், எனவே பத்திரத்தில் ‘சேலம் ஜில்லா’ என்றிருப்பதைப் பார்த்து வேறு ஊர் என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பழைய வரி ரசீதுகளில், வருவாய்த் துறை கணக்குக்கு வைத்திருக்கும் பசலி ஆண்டு இருந்தால் 590-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். பசலி 1343 என்றால் 1933 ஜூலை முதல் 1934 ஜூன் வரை.

படங்களைப் பார்த்து என் ஊகம், 1920-களின் கடைசி அல்லது 30-கள். என்ன, அவ்வளவுதானா என்று முகம் சுருங்குகிறதா? மன்றோ வந்திருந்தால்கூட அந்த வீட்டைப் பற்றி எனக்கு இவ்வளவு ஆசை வந்திருக்காது.

உங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பா எங்கே இருந்திருப்பார்? கோட்டைப் பக்கமோ பேட்டையிலோ, பக்கத்து வீட்டோடு சுவரைப் பங்குபோட்டுக்கொண்ட தெரு வீட்டில். முன்னால் திண்ணை, அப்புறம் நடை, முற்றம், பின்கட்டு என்று ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும் வீடு. அதை விட்டு இவர் ஏன் வெளியே வந்தார்? பிளேக் பயம் ஒரு காரணம். 1898-இல் பெங்களூரில் பிளேக் பரவியது. நெருக்கமான பேட்டைகளை விட்டு, காற்றோட்டமாகத் தள்ளித்தள்ளி வீடு கட்டும் பசவனகுடி, மல்லேசுவரம் போன்ற விரிவாக்கங்கள் அதன் பிறகு வேகம் பிடித்தன. சென்னையில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920-களில் தியாகராய நகர் எழுந்தது. நடுவில் இருக்கும் தருமபுரிக்கு 1906-இலேயே மொரப்பூரிலிருந்து சின்ன ரயில் வந்துவிட்டது, 1913-இல் ஓசூர் வரை போனது. (யுத்தத்தில் 1941-இல் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.) ஓடும் இரும்பு உத்தரமும் மட்டும் அல்ல, ‘இப்படியும் ஒரு வீடு இருக்கலாம்’ என்ற எண்ணமும் அதில் வந்து இறங்கியிருக்கும்.

உங்கள் முதல் படத்தில் திண்ணை இல்லை, கவனித்தீர்களா? வராந்தா இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. திண்ணை தெருவுக்குச் சொந்தம். வழிப்போக்கன் படுப்பான், கீரைக்காரி கூடையை இறக்குவாள், யாரும் அனுமதி கேட்பதில்லை. வராந்தாவுக்கு வர வேண்டுமென்றால் கேட்டைத் திறந்து, காம்பவுண்டைக் கடந்து, ‘சார்’ என்று கூப்பிட வேண்டும். ஆயிரம் வருஷமாகத் தெருவோடு ஒட்டிக்கொண்டிருந்த குடும்பம் நாற்பதடி பின்வாங்கி நின்ற இடம் அந்த வராந்தா. போர்ட்டிகோவில் கார் நிற்கவில்லை, பக்கத்தில் வண்டிக்கொட்டகை இருக்கிறது. அதாவது கார் வைத்திருப்பவனின் வீட்டைக் கட்டிவிட்டு மாட்டுவண்டியில் கோர்ட்டுக்கோ தாலுகா கச்சேரிக்கோ போயிருக்கிறார். முற்றமும் போகவில்லை. பயந்துபோய்ப் பின்பக்கம் சமையலறைக்கும் கிணற்றுக்கும் நடுவே சின்னதாக ஒளிந்திருக்கிறது. முன்னால் துரை, பின்னால் பாட்டி!

ஏழாவது படத்தை ஏன் அனுப்பினீர்கள் என்று தெரியவில்லை, ஆனால் அதுதான் முக்கியம். பின்சுவரில் இடுப்புயரத்துக்கு ஒரு குட்டிக் கதவு. ‘வேலைக்காரர் வாசல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதையொட்டி இடிந்து கிடக்கும் அறை எடுப்புக் கக்கூஸ். முன்வாசல் பக்கம் வரக் கூடாது என்று வைக்கப்பட்ட ஒரு மனிதர், தினமும் அந்தக் கதவு வழியாகக் குனிந்து வந்து மலத்தை அள்ளிக்கொண்டு போயிருக்கிறார். காற்றும் வெளிச்சமும் சுத்தமும் தேடி வந்த வீட்டின் சுத்தம் அவர் தலையில் நடந்தது. பாரம்பரியம் என்று எழுதப் புகுந்தால் போர்ட்டிகோவோடு நிறுத்திக்கொள்ளாமல் அந்தக் கதவையும் எழுதுங்கள். இல்லையென்றால் எழுதவே வேண்டாம்.

சரி, அரசு. மத்திய அரசின் 1958 சட்டப்படி தொல்சின்னம் என்றால் குறைந்தது நூறு வயதாவது ஆகியிருக்க வேண்டும். வயது மட்டும் போதாது, தனிச்சிறப்பும் வேண்டும். அப்படி அறிவித்துவிட்டால் சுற்றிலும் 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்ப முடியாது, உங்கள் தெருவே திரண்டு உங்களைத் தேடி வரும். மரபுக் கட்டடங்களுக்கென ஓர் ஆணையம் அமைக்கத் தமிழகச் சட்டமன்றம் 2012-இல் ஒரு சட்டம் இயற்றியது. எழுதுவதென்றால் மாவட்ட ஆட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் எழுதிப் பாருங்கள். ஆனால் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீட்டை அரசு நினைவில்லமாக வைத்திருக்கிறதே, அப்படி எடுத்துக்கொள்ளும் என்று காத்திருக்காதீர்கள். அது ராஜாஜிக்காக. பெயர் தெரியாத ஒரு கொள்ளுத்தாத்தா திண்ணையை விட்ட கதைக்கு இன்னும் நினைவில்லம் வைக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை.

உடனே செய்யக்கூடியது வேறு. வீட்டை அளந்து வரைபடம் போடச் சொல்லுங்கள், அறை அறையாகப் படமெடுங்கள், எழுபது வயதுக்கு மேற்பட்ட சொந்தக்காரர்கள் யார் எங்கே படுத்தார்கள், யாருக்கு எந்த வாசல் என்று சொல்வதைப் பதிவு செய்யுங்கள். சுவர் சுண்ணாம்புக் காரை என்றால் அதன் மேல் சிமென்ட் பூசவோ பிளாஸ்டிக் பெயின்ட் அடிக்கவோ விடாதீர்கள். உள்ளே ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் உதிரும். ஐந்தாவது படத்தில் கிழக்குச் சுவருக்கு அது ஏற்கெனவே நடந்துவிட்டது.

கடைசியாக, உங்கள் அண்ணன். கடிதம் முழுக்க அவர்தான் வில்லன். ஆனால் அந்த ஒழுகும் கூரைக்குக் கீழே படுத்திருப்பவர் அவர், சென்னையிலிருந்து மன்றோவைப் பற்றி எழுதுபவர் நீங்கள். தெருப்பக்கம் காம்பவுண்டை ஒட்டி நாலு கடை கட்டிக்கொண்டு வீட்டை அப்படியே விடலாமா என்று அவரிடம் கேட்டீர்களா? போன மழைக்கு ஓடு மாற்ற எவ்வளவு ஆயிற்று என்றும் கேளுங்கள். பாதிப் பணத்தை அனுப்பிவிட்டு, அப்புறம் ஆட்சியருக்கு எழுதுங்கள்.