கேள்வி – பதில்: வழிகாட்டிகளைப் பழக்குவது எப்படி?

எங்கள் உயிர்முறைமைகள் தொழில்நுட்பத் துறையில் மூன்றாம் வருட மாணவர் 12 பேரை முதலாம் வருடத்தினருக்கு வழிகாட்டிகளாக்கப் போகிறோம். தமிழ், முஸ்லிம், சிங்கள, மலையகப் பிள்ளைகள் எல்லோரும் வகுப்பில் இருக்கிறார்கள். ஒரு நாள் கருத்தரங்கு போதுமா?
– விரிவுரையாளர், கிளிநொச்சி

போதாது. இரண்டு அரைநாள் ஒதுக்குங்கள். நடுவே இரண்டு வாரம் விடுங்கள். முதல் அரைநாளில் மூன்று மூன்று பேராக இருத்துங்கள். ஒருவர் முதலாம் வருட மாணவராக நடிக்கட்டும், ஒருவர் வழிகாட்டியாக. மூன்றாமவர் வாய் திறக்காமல், வழிகாட்டி எத்தனை கேள்வி கேட்டார், எத்தனை தடவை தானே விடை சொன்னார் என்று கோடு போட வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறட்டும். அநேகமாக விடைப் பக்கம்தான் கோடு நிறையும்.

நடிக்க ஒரு விடயம் தருகிறோம். பற்றீரியா எண்ணுவதற்குத் தொடர் ஐதாக்கல், அதாவது மாதிரியைப் படிப்படியாக நீர் விட்டு ஐதாக்குவது. கையேட்டில் ஆங்கிலத்தில் பத்து மடங்கு என்று இருக்கும். மாணவர் 1 மில்லிலீற்றர் மாதிரிக்கு 10 மில்லிலீற்றர் நீர் விடுகிறார், விடவேண்டியது 9. மூன்று படி போனால் ஐதாக்கம் 1,000 மடங்கல்ல, 1,331 மடங்கு. எண்ணிய தொகையை 1,000 ஆல் பெருக்கினால் விடை ஏறக்குறைய 25 வீதம் குறையும். "9 விடு" என்று சொல்லிவிட்டால் அன்றைய செயன்முறை முடியும், பிழை அடுத்த கிழமையும் வரும். "குழாயில் இப்ப மொத்தம் எவ்வளவு இருக்கு? அதில மாதிரி எத்தனை பங்கு?" என்று கேட்டால், கணக்கு விளங்கவில்லையா, ஆங்கில வசனம் விளங்கவில்லையா என்பது தெரிந்துவிடும். இரண்டுக்கும் மருந்து வேறு.

மிகச் சிறிய அளவு திரவத்தை உறிஞ்சி அளக்கும் மைக்ரோபிப்பெற்றும் அப்படித்தான். உறிஞ்சும்போது பெருவிரலை முதல் தடையில் நிறுத்தாமல் இரண்டாம் தடை வரை அமுக்கினால் அளவு கூடிவிடும். இதை வாயால் சொல்லாதீர்கள். நிறமூட்டிய நீரும் தராசும் கொடுங்கள்: 100 மைக்ரோலீற்றர் நீர் ஏறத்தாழ 0.1 கிராம் நிற்க வேண்டும். எந்த மொழிக்காரருக்கும் தராசு விளங்கும்.

இரண்டாவது அரைநாளில், இடைப்பட்ட இரண்டு வாரத்தில் உண்மையாகவே சிக்கிய இடங்களைப் பெயர் சொல்லாமல் பேசட்டும். ஒருவருக்கு நாலு மாணவருக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

முதற்சந்திப்பில் வீட்டு நிலைமையைக் கேட்டால் நெருக்கம் வரும் என்கிறார்கள். கேட்கலாமா?
– மூன்றாம் வருட மாணவி, முல்லைத்தீவு

கேட்காதீர்கள். "அப்பா என்ன செய்யிறார்?" என்பது வேறு ஊரில் சாதாரணக் கேள்வி. 2009 ஐக் கடந்து வந்த வன்னி வீடுகளில் அது எங்கே போய் நிற்கும் என்று கேட்கிறவருக்குத் தெரியாது. பிள்ளை தானாகச் சொன்னால் கேளுங்கள், குறிப்பெடுக்காதீர்கள். உங்களால் தாங்க முடியாத விடயமானால் மாணவர் ஆலோசகரிடம் கூடவே போங்கள். அவரை எங்கே, எப்போது சந்திக்கலாம் என்பதை முன்பே அறிந்து வைத்திருங்கள்.

கேட்க வேண்டியவை வேறு. உயர்தரத்தில் எந்தப் பிரிவு, எந்த மொழி? கடைசி பஸ் எத்தனை மணிக்கு? போனில் டேட்டா போடுவது கஷ்டமா? (அப்படியானால் வீடியோ அனுப்பாமல் ஒரு பக்கப் படம் அனுப்பலாம்.) வெள்ளி மதியம் சந்திப்பு வைத்தால் ஜும்ஆவுக்குப் போகிறவர் வரமாட்டார், அதைச் சோம்பல் என்று எழுதிவிடாதீர்கள்.

வழிகாட்டி என்ற பெயரில் பகிடிவதை நடக்காதா?
– தந்தை ஒருவர், வவுனியா

பயம் நியாயமானது. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை குற்றம். ஆனால் விடயம் சட்டம் வரை போவதற்கு முன்பே வழியை அடைக்கலாம். சந்திப்பு பகலில், நூலகம் போன்ற திறந்த இடத்தில், இரண்டு கனிஷ்ட மாணவராவது சேர்ந்து. விடுதி அறையில் கூடாது. கடைக்கு அனுப்புவது, ஒப்படை எழுதுவிப்பது அறவே கூடாது. காரணம் கேட்காமல் வழிகாட்டியை மாற்றித்தரும் விரிவுரையாளர் ஒருவரின் தொலைபேசி இலக்கத்தை முதல் நாளே பிள்ளைகள் கையில் கொடுத்துவிட வேண்டும்.