பசங்க மனசு விட்டு பேசணும்னா ஊர் என்ன பண்ணணும்? நீலகிரி கேள்வி பதில்

வணக்கம்ங்க. குன்னூர், கோத்தகிரி பக்கம் ஸ்கூல் பசங்களுக்கு கவுன்சலிங் பண்ற வேலைல இருக்கேன், டாக்டர் இல்ல, சோஷியல் ஒர்க்கர். ஒரே மாதிரி வந்த கேள்விய எல்லாம் ஒண்ணா சேர்த்துட்டேன். ஊர் பேர் போட்டா ஆள் யாருன்னு தெரிஞ்சிடும்ங்கற இடத்துல ஊரை எடுத்துட்டேன், நம்ம மலைல அது ரொம்ப ஈசி.

கேள்வி (கோத்தகிரி பக்கம், இளைஞர் மன்றம்): அக்கா, நாங்க, ஸ்கூல் பிடிஏ (பெற்றோர் ஆசிரியர் கழகம்), சர்ச் யூத், ஒரு டீ ஃபேக்டரி எல்லாம் சேர்ந்து அக்டோபர் 10 உலக மனநல நாளுக்கு பசங்களுக்காக ஒரு ப்ரோக்ராம் வைக்கறோம். மண்டபம் பேசியாச்சு, ஃப்ளெக்ஸ் அடிக்கணும். சீஃப் கெஸ்ட் யாரை கூப்பிடலாம்?

பதில்: யாரும் வேணாம் தம்பி. முன் வரிசைல பெரியப்பா, பக்கத்துல ஹெட்மாஸ்டர், பின்னாடி எதிர்வீட்டு அத்தை உக்காந்திருக்க, மைக்க நீட்டி மனசுல இருக்கறத சொல்லுன்னா எந்த பையன் சொல்லுவான், நம்ம ஹட்டில, அதான் படுகர் ஊர்ல, எல்லாருமே ஏதோ ஒரு வகைல மாமன் மச்சான் தானே. நீங்க நாலு பேர் சேர்ந்ததே பெரிய விஷயம், அத மண்டபத்துல வீணாக்காதீங்க. முதல்ல பெரியவங்க மட்டும் ஒரு சாயங்காலம் டீய போட்டு உக்காருங்க. இன்னிக்கு ராத்திரி 9 மணிக்கு ஒரு பொண்ணு வந்து என்னால முடியலன்னு சொன்னா நம்மள்ல யாரு அவ கூட இருக்கறது, யாரு ஊட்டி ஜிஹெச்சுக்கு கூட்டிட்டு போறது, மழைக்காலத்துல பஸ் நின்னுட்டா ஜீப் யாரோடது, காசு யாரு குடுக்கறது, முக்கியமா யாருக்கெல்லாம் இது தெரியவே கூடாது, இத பேசி முடிவு பண்ணுங்க. ஒரு பையன் வாய தொறந்து சொன்ன அடுத்த நாள் அது தண்ணி டேங்க்கிட்ட கதையாயிடுச்சுன்னா அந்த ஊர்ல அப்புறம் எந்த பிள்ளையும் பேசாது, நீங்க எத்தனை ப்ரோக்ராம் வெச்சாலும். ஃப்ளெக்ஸ் காச ஜீப்புக்கு வைங்க. மாவட்ட மனநலத் திட்டம்னு அரசாங்கத்துலயே ஒண்ணு இருக்கு, அந்த டீமை பிடிஏ லெட்டர் போட்டு கூப்பிடுங்க, வகுப்பு வகுப்பா உக்கார வெச்சு பேசட்டும்.

கேள்வி (ப்ளஸ் டூ, பேர் வேணாம்): அக்கா நைட்டு தூக்கமே வரல, புக்க தொறந்தா நெஞ்சு படபடங்குது. வீட்ல சொன்னா படிக்க சோம்பேறித்தனம்னு சொல்லுவாங்க. அம்மாவுக்கு தெரியாம யார்கிட்டயாவது பேச முடியுமா?

பதில்: முடியும் கண்ணு. 14416, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன், 2022ல இருந்து இருக்கு, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்ல பேசுவாங்க. தமிழ்நாட்டு சுகாதார ஹெல்ப்லைன் 104லயும் பேசலாம். பேச ஆரம்பிக்கும்போது "தூக்கம் வரல"ன்னு அத மட்டும் சொன்னா போதும், மத்தது அவங்க கேப்பாங்க. ஆனா மாத்திரை, ட்ரீட்மெண்ட்னு போனா உனக்கு 18 ஆகலன்னா வீட்ல ஒருத்தர் வந்தாகணும், அது அம்மாவாவே இருக்கட்டும்னு நான் சொல்லுவேன், அவங்ககிட்ட சொல்ல கூட ஆள் வேணும்னா உனக்கு பிடிச்ச ஒரு டீச்சரையோ சித்தியையோ பக்கத்துல வெச்சுக்கோ. படபடப்போட செத்துடலாமான்ற நினைப்பும் வருதுன்னா பரிட்சை முடியட்டும்னு இருக்காத, இன்னிக்கே பெரியவங்க ஒருத்தர்கிட்ட சொல்லு.

கேள்வி (எஸ்டேட், வரிசையா ஒட்டி கட்டின லைன் வீடு): மேடம், நம்பர் எல்லாம் சரி, எங்க லைன்ல இந்த வீட்ல இருமினா அந்த வீட்ல கேக்கும். என் பொண்ணு எங்க போய் பேசுவா?

பதில்: இந்த கேள்விக்காகவே இத எழுதலாம்னு தோணுச்சும்மா. போஸ்டர்ல நம்பர் போடறவங்க யாரும் இத யோசிக்கறதில்ல. சிக்னல் கிடைக்கற இடம் ரோட்டோரம், அங்க நின்னா யார் கூட பேசறன்னு நாலு பேர் கேப்பாங்க, பொண்ணா இருந்தா கேக்கவே வேணாம். ஊர் சேர்ந்து செய்ய வேண்டியது இதுதாங்க, ஒரு ரூம். எஸ்டேட் பிள்ளைக்காப்பகம் நீங்க இலை எடுத்து, எடை போட்டு முடிச்சதும் காலியாத்தான் கிடக்கும், இல்ல நூலகம், தையல் சென்டர், சர்ச் பின்னாடி ரூம், எதுவானாலும் சரி. வாரத்துல ரெண்டு சாயங்காலம், கதவ சாத்திக்கலாம், வெளிய ஒரு நம்பிக்கையான அக்கா உக்காந்திருப்பாங்க, பேரு எழுதற நோட்டு கிடையாது. முக்கியமா அந்த ரூம்ல வேற ஏதாவதும் நடக்கணும், ட்யூஷனோ கேரமோ. இல்லன்னா உள்ள போற பிள்ளைக்கு "பிரச்சனை இருக்கற பிள்ளை"ன்னு முத்திரை குத்திடுவாங்க. மேனேஜர்கிட்ட யூனியன் மூலமா கேளுங்க, வாடகை இல்லாத விஷயம், குடுக்காம இருக்க மாட்டாங்க.

கேள்வி (ஒரு அப்பா): எங்க தாத்தா 1964 இந்தியா-சிலோன் ஒப்பந்தத்துல தோட்டத் தமிழர்களை திருப்பி அனுப்பினப்ப சிலோன்ல இருந்து ஒரு ட்ரங்க் பெட்டியோட வந்தவர். காடு வெட்டி, அட்டை கடிச்சு, எங்களை ஆளாக்கினார். அவருக்கு எந்த கவுன்சலிங்? இப்ப பசங்களுக்கு ஃபோன புடுங்கினா டிப்ரஷன்!

பதில்: அண்ணா, கோவப்படாதீங்க. தாத்தாவுக்கு கஷ்டம் இல்லன்னு யாரும் சொல்லல, ஆனா அதே லைன்ல எத்தனை பேர் சாராயத்துல போனாங்கன்னு உங்களுக்கே தெரியும், அத அப்ப யாரும் வியாதின்னு சொல்லல, அவ்ளோதான். மனநோய்ல பாதி 18 வயசுக்குள்ளயே ஆரம்பிச்சிடுதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஃபோன புடுங்கி ஒரு நாள் மூஞ்ச தூக்கி வெச்சுக்கறது வேற. ரெண்டு வாரமா தூக்கம் சாப்பாடு மாறி, ஃபுட்பால் பைத்தியமா இருந்தவன் கிரவுண்டு பக்கமே போகாம, தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழுந்தா அது வேற. இந்த வயசுல சோகம் நிறைய நேரம் கோவமாத்தான் வெளிய வரும், திமிருன்னு நாம அடிக்க போயிடறோம்.

கேள்வி (டீச்சர்): ஒரு பொண்ணு என்கிட்ட வீட்ல தப்பா நடந்துக்கறாங்கன்னு சொல்லி, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டா. என்ன பண்ண?

பதில்: அந்த சத்தியம் செல்லாது டீச்சர். குழந்தைகள பாலியல் குற்றத்துல இருந்து காப்பாத்தற போக்சோ சட்டம் 2012 படி தெரிஞ்சவங்க போலீஸ்ல சொல்லியே ஆகணும், மறைச்சா உங்க மேல கேஸ். குழந்தைகள் ஹெல்ப்லைன் 1098க்கு கூப்பிடுங்க, அடுத்து என்ன பண்றதுன்னு வழி சொல்லுவாங்க. பொண்ணுகிட்ட "இத நான் ஒருத்தர்கிட்ட சொல்லித்தான் ஆகணும், ஆனா உன்ன விட்டுட்டு போக மாட்டேன்"னு நேரா சொல்லுங்க. வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிக்கறது, பஞ்சாயத்து பேசறது, இதெல்லாம் தயவு செஞ்சு வேணாம்.

கேள்வி (கூடலூர்): எங்க பக்கம் ஆதிவாசி பசங்க வெளியாள் வந்தா வாயே தொறக்கறதில்ல. எப்படி?

பதில்: ஏன் தொறக்கணும், சொல்லுங்க. அங்க கூடலூர்லயே பாடம் இருக்கு, அஸ்வினிங்கற அமைப்பு நடத்தற ஆதிவாசி ஆஸ்பத்திரி. பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர்னு அந்தந்த சமூகத்து பொண்ணுங்களையே நர்ஸா, ஹெல்த் ஒர்க்கரா பயிற்சி குடுத்து வெச்சிருக்காங்க. பாடிக்கு, அதான் ஆதிவாசிங்க குடியிருப்புக்கு, போறது அவங்க வீட்டு பொண்ணு. ஸ்கூலோ சங்கமோ ஏதாவது ஆரம்பிக்கணும்னா அவங்ககிட்ட முதல்ல போய் கேளுங்க, போஸ்டர் அடிச்சிட்டு போகாதீங்க.

கேள்வி: செத்துடலாம்னு தோணுதான்னு பிள்ளைகிட்ட கேட்டா நாமளே அந்த எண்ணத்த விதைச்ச மாதிரி ஆயிடாதா?

பதில்: ஆகாது. ஆராய்ச்சியும் அப்படித்தான் சொல்லுது, கேட்டா நிறைய பிள்ளைக்கு மூச்சு வந்த மாதிரி இருக்கும். பதில் ஆமான்னா தனியா விடாதீங்க, தோட்டத்துக்கு அடிக்கற பூச்சி மருந்து, வீட்ல இருக்கற மாத்திரை எல்லாத்தையும் பூட்டி சாவிய வெளிய குடுத்துடுங்க, அன்னிக்கே ஆஸ்பத்திரி. கேஸ் ஆயிடும்னு சில பேர் மறைக்கறாங்க, 2017 மனநலச் சட்டம் 115வது பிரிவு முயற்சி பண்ணினவங்கள தண்டிக்கறதுக்கு இல்ல, கவனிப்பு குடுக்கத்தான் சொல்லுது.

கேள்வி: மாத்திரை போட்டா அடிமை ஆயிடுவானா?

பதில்: டிப்ரஷனுக்கு வழக்கமா குடுக்கற மாத்திரை போதை கிடையாது. வேலை செய்ய சில வாரம் ஆகும், ஆரம்பத்துல சின்ன வயசு பசங்கள கொஞ்சம் கூடுதலா கவனிக்கணும், நீங்களா திடீர்னு நிறுத்தக் கூடாது. கோயிலுக்கு மந்திரிக்க போறதா, போங்க, ஆனா டாக்டர் தேதிய விட்டுடாதீங்க.

கேள்வி (ஃபுட்பால் கோச்): டீம் பையன் ஒருத்தன் என்கிட்ட மட்டும் அழுதுட்டான். நான் படிக்காதவன், என்ன சொல்றதுன்னே தெரியல.

பதில்: அவன் உங்ககிட்டதான் வந்திருக்கான் அண்ணா, படிச்சவங்ககிட்ட போகல. புத்திமதி சொல்லாதீங்க, "அப்புறம்?"னு கேட்டுட்டு சும்மா உக்காருங்க. அடுத்து 14416க்கு உங்க ஃபோன்ல இருந்தே போட்டு குடுங்க, பக்கத்துல இருக்கணுமா தள்ளி நிக்கணுமான்னு அவனையே கேளுங்க. மறுநாள் வழக்கம் போல பிராக்டிஸ்க்கு கூப்பிடுங்க, எல்லார் முன்னாடியும் "இப்ப எப்டிடா இருக்கு"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க.