பேஸ்மென்டில் ரேடான்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பென்சில்வேனியாவில் வீடுகளில் ரேடான் என்ற கதிரியக்க வாயுவை அளப்பதும், அதிகமாக இருந்தால் சரிசெய்து கொடுப்பதும் என் வேலை. வீடு வாங்குகிற நம் ஆட்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

எடிசனிலிருந்து: வாங்கப்போகிற வீட்டில் ரேடான் 3.8 வந்திருக்கிறது. 4-க்குக் கீழே என்பதால் கவலை இல்லை என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா அண்ணா?

4-க்குக் கீழே வந்தாலே பயமில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. லிட்டர் காற்றுக்கு 4 பிகோகியூரியைத் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) தொட்டால் சரிசெய்யுங்கள் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. 2-க்கும் 4-க்கும் நடுவில் இருந்தாலும் யோசிக்கச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு கன மீட்டருக்கு 100 பெக்கரல் (இன்னொரு அலகு), பிகோகியூரிக் கணக்கில் 2.7தான். இரண்டு நாள் டெஸ்டில் 3.8 வந்த வீடு குளிர்காலத்தில் 4-ஐத் தாண்டவும் செய்யலாம். வீடு பிடித்திருந்தால் விட்டுவிடாதீர்கள். ரேடானை வெளியே இழுத்துவிடும் பைப்பும் ஃபேனும் போட்டுத் தரச் சொல்லி விலையோடு சேர்த்துப் பேசுங்கள்.

ஆலன்டவுனிலிருந்து: பக்கத்து வீட்டில் 1.2தான் வந்ததாம். ஒரே பில்டர் கட்டியது. நாங்களும் அளக்கணுமா?

கட்டாயம் அளக்கணும். மண்ணில் இருக்கும் யுரேனியம் சிதைந்து ரேடியமாகி, ரேடியம் சிதைந்து ரேடானாகிறது. நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடான காற்று மேலே ஏறி வெளியே போகும்போது, பேஸ்மென்ட் தன் அடியில் இருக்கும் மண்காற்றை உறிஞ்சுகிறது. தரை விரிசல், பைப் நுழையும் ஓட்டை, தண்ணீர் சேரும் மூடாத சம்ப் குழி, எல்லாமே அதற்கு வழிதான். உங்கள் வீட்டு விரிசலும் அடிமண்ணும் பக்கத்து வீட்டுடையது போல இருக்காது.

வீட்டுக்குள் இவ்வளவு ரேடான் சேரும் என்பது அமெரிக்காவில் எப்படிப் பெரிதாகப் பேசப்பட்டது என்பதையும் சொல்கிறேன். 1984 டிசம்பரில் லிமரிக் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த ஸ்டான்லி வாட்ரஸ் என்ற இன்ஜினியர் கதிரியக்கக் கருவியைக் கடக்கும்போதெல்லாம் அலாரம் அடித்தது. ஒருநாள் வேலைக்கு வந்து உள்ளே நுழையும்போதே அடித்தது. அப்படியானால் வீட்டிலிருந்துதான் அது ஒட்டிக்கொண்டு வருகிறது. பாயர்டவுன் பக்கத்தில் இருந்த அவர் வீட்டில் அளந்தால், சுமார் 2,700 பிகோகியூரி! குடும்பம் வெளியேறியது. ஆனால் சில மாதங்களில் அந்த வீட்டையே சரிசெய்து, அவர்கள் திரும்பி வந்து குடியிருந்தார்கள். அளந்து பெரிய எண் வந்ததும் உடைந்துபோகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

அம்மா அப்பா ஆறு மாதம் வந்து பேஸ்மென்ட் அறையில் தங்கப்போகிறார்கள். அப்பா பீடி பிடிப்பவர். பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம் அம்மா. ஆறு மாதத்தில் வருகிற நோய் இல்லை இது. மூச்சோடு உள்ளே போகும் ரேடானின் சிதைவுப் பொருட்கள், முக்கியமாகப் பொலோனியம், நுரையீரலில் ஒட்டி அங்கேயே ஆல்ஃபா துகள்களை வீசுகின்றன. பல வருடம் சேர்ந்தால்தான் புற்றுநோய் அபாயம். ஆனால் புகையோடு கைகோத்தால் அது பல மடங்கு ஏறும். வாழ்நாள் முழுக்க 4 பிகோகியூரியில் இருக்கும் ஆயிரம் பேரில், புகைக்காதவர்கள் என்றால் சுமார் 7 பேருக்கும், புகைப்பவர்கள் என்றால் சுமார் 62 பேருக்கும் நுரையீரல் புற்றுநோய் வரலாம் என்பது முகமையின் கணக்கு. அப்பாவிடம் இந்த இரண்டு எண்களையும் சொல்லுங்கள். அப்புறம், அவர்கள் ஊருக்குப் போன பிறகும் அந்த அறையில் உங்கள் பிள்ளைகள்தான் விளையாடுவார்கள், நீங்கள்தான் உட்கார்ந்து வேலை பார்ப்பீர்கள். அதனால் அவர்கள் வருவதற்கு முன்பே அளந்துவிடுங்கள்.

கடையில் ரேடான் அளக்கும் கிட் வாங்கினேன். எங்கே வைப்பது?

ஆட்கள் புழங்குகிற மிகக் கீழ்த்தளத்தில், தரையிலிருந்து குறைந்தது இருபது அங்குல உயரத்தில். சமையலறை, குளியலறை, துணி துவைக்கும் அறை வேண்டாம், ஈரம் கிட்டுக்குள் இருக்கும் கரித்தூளைக் கெடுக்கும். டெஸ்டுக்கு 12 மணி நேரம் முன்பிருந்தே ஜன்னல்களைச் சாத்துங்கள். முடிந்த அன்றே லேபுக்குத் தபாலில் அனுப்புங்கள். ரேடான் 3.8 நாளில் பாதியாகிவிடும், மேசையில் கிடந்தால் முடிவு பொய்யாகும்.

ஜன்னலைத் திறந்து வைத்தால் போதாதா?

திறந்திருக்கும் வரை குறையும், சாத்தினால் அரை நாளில் பழைய அளவுக்கு வந்துவிடும். மாடி ஜன்னலை மட்டும் திறந்தால் சில சமயம் உறிஞ்சல் கூடவே செய்யும். விரிசலை மட்டும் அடைப்பதும் போதாது.

கிரானைட்டிலிருந்தும் ரேடான் வரும் என்கிறார்களே, சமையல் மேடையை மாற்றணுமா?

வேண்டாம். பெரும்பாலும் வருவது மண்ணிலிருந்துதான்.

மிசிசாகாவிலிருந்து: எங்களுக்கும் 4தானா?

கனடாவின் வழிகாட்டு அளவு கன மீட்டருக்கு 200 பெக்கரல், அதாவது 5.4 பிகோகியூரி. குளிர்காலத்தில் குறைந்தது மூன்று மாதம் அளக்கச் சொல்கிறார்கள். அந்த நீண்ட டெஸ்டைத்தான் நானும் அதிகம் நம்புவேன்.

பேஸ்மென்டிலேயே ஃபேனை நானே மாட்டினால் செலவு மிச்சமாகுமே?

தயவுசெய்து வேண்டாம். தரையைத் துளைத்து, கான்கிரீட் தரைக்கு அடியிலிருந்து காற்றை பைப் வழியாக இழுத்து, கூரைக்கு மேலே விடுவதுதான் முறை. ஃபேனுக்கு மேலே உள்ள பைப்பில் காற்று அழுத்தத்தோடு போகும். அங்கே சின்னக் கசிவு இருந்தாலும் அத்தனை ரேடானும் வீட்டுக்குள் கொட்டும். அதனால் ஃபேன் மேல்பரணிலோ வெளியிலோதான் இருக்கணும்.

பைப்பில் யூ வடிவக் குழாய் ஒன்றில் நிறத் திரவம் இருக்கும். ஒரு பக்கம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் இருந்தால் ஃபேன் இழுக்கிறது, சமமாக இருந்தால் ஃபேன் நின்றுவிட்டது. என் வீட்டு ஃபேன் ஒருமுறை சத்தமில்லாமல் செத்துப்போனது. அந்தக் குழாயைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். இப்போது மாதா மாதம் கரண்ட் பில் கட்டும் நாளில் ஒரு பார்வை பார்த்துவிடுகிறேன், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி டெஸ்டும் வைக்கிறேன்.